கொக்குப் பரீட்சை

அந்தக் கடையில் சைக்கிள் வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு பரீட்சையில் தேறாமல் வண்டியைத் தொட முடியாது. பேனாவும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். வண்டியின் நடுக்கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் போட்டு நிற்க வேண்டும். பிறகு ஒரு காலைத் தூக்கிப் பெடல் மேல் வைத்துவிட்டு, மற்றக் காலில் பத்து எண்ணும் வரை ஆடாமல் நிற்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கக் கூடாது. விரல் பட்டும் படாமலும் இருக்கலாம், அவ்வளவுதான். நின்றுவிட்டால் அந்த வண்டி அவருக்கு ஏற்றது. தள்ளாடினால் அதைவிடச் சின்ன வண்டி வரும்.

இதைக் கண்டுபிடித்தவள் அங்கே பத்தொன்பது வருஷமாக விற்பனைக்கு நிற்கும் பெண். ஒற்றைக்காலில் நிற்க வைக்கிறாள் என்று முதலாளி அவளுக்குக் கொக்கு டீச்சர் என்று பெயர் வைத்தார். பெயர் ஊர் முழுக்கப் பரவி, கொக்கு பறந்துபோய் டீச்சர் மட்டும் தங்கிவிட்டது. அவள் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் ஒருவர் வாசலில் கால் வைக்கும்போதே அவருடைய கால் எத்தனை அங்குலம் என்று சொல்லிவிடுவாள். ஆண்டவன் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றைக் கொடுக்கிறான். அவளுக்கு அந்தக் கண்ணைக் கொடுத்திருந்தான்.

அன்றைக்கு வியாழக்கிழமை. வழக்கம்போல விடிந்ததும் அவள் கணவன் இரவுக் காவல் வேலை முடிந்து வந்து படியேறினான். அவள் இறங்கினாள். வீட்டுச் சாவி கை மாறுகிற அந்த ஐந்து நிமிஷம்தான் அவர்களுடைய குடித்தனம்.

"சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். ஆறிடும், சீக்கிரம் சாப்பிட்டுப் படுங்க."

"உன் முகம் ஏன் இப்படி இருக்கு?"

"என் முகத்துக்கு என்ன? நீங்க ராத்திரி பூரா இருட்டையே பாத்துட்டு வந்தா எல்லாம் இருட்டாத்தான் தெரியும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

கடைக்கு வந்ததும் முதல் வேலை வண்டிகளை வெளியே எடுத்து வைப்பது. குழந்தை வண்டியில் தொடங்கிப் பெரிய வண்டி வரை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உயர வரிசையில் நிற்பதுபோல வாசல் ஓரமாக நிறுத்துவாள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், எல்லா முன்சக்கரமும் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பிறகு துணியால் ஒவ்வொரு மணியையும் துடைத்து, ஒரு தடவை அடித்துப் பார்ப்பாள். அவளுக்கு அதுதான் காலை வழிபாடு. மணி அடிக்கும்போது மனதுக்குள், 'இதுல ஏறுறவங்க விழாம இருக்கணும்' என்று வேண்டிக்கொள்வாள்.

முதல் ஆளாக ஒரு அம்மா, எட்டு வயதுப் பெண் குழந்தையோடு வந்தாள்.

"ரெண்டு சைஸ் பெருசா குடுங்க. வளர்ற பிள்ளை."

"இருக்கிற காலுக்கு வாங்குங்கம்மா, வரப்போற காலுக்கு வாங்காதீங்க."

"செருப்பே பெருசாத்தான் வாங்குவோம்."

"செருப்புன்னா முன்னால பஞ்சு வெச்சு அடைச்சுடலாம். சைக்கிளுக்கு எங்கம்மா பஞ்சு வெக்கிறது?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சின்ன வண்டி வேண்டாம், யோசித்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டாள். கல்லாவில் இருந்த முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"அரிச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீடு நீ! காலங்காத்தால வர்ற மகாலட்சுமிய இப்படி வெரட்டி விடு."

"போன வருஷம் நீங்க பெருசா வித்த வண்டில விழுந்து பல்லு போச்சே ஒரு குழந்தைக்கு, அவங்க அம்மா வந்து கேட்டப்ப கல்லாவுக்குக் கீழ ஒளிஞ்சது யாரு முதலாளி?"

முதலாளி உடனே கணக்கு நோட்டை மும்முரமாகப் புரட்டத் தொடங்கினார்.

பத்து மணி இருக்கும். மீட்டர்காரரின் மனைவி தனியாக வந்தாள்.

மீட்டர்காரர் யாரென்று சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் எண்ணைக் குறித்து எழுதுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்திரண்டு. டீச்சர் இந்தக் கடையில் சேர்ந்த இரண்டாம் நாள் அவர் வந்துதான் அவள் கையால் முதல் வண்டியை வாங்கினார். பரீட்சை எழுதிய முதல் ஆளும் அவர்தான். பத்துக்குப் பதில் முப்பது எண்ணும் வரை ஒற்றைக்காலில் நின்று, "போதுமா, இல்ல மீன் பிடிச்சுக் காட்டணுமா?" என்று கேட்டவர். அன்று முதல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாலு மணிக்குச் சக்கரத்துக்குக் காற்றடிக்க வருவார். வீட்டில் பம்பு இல்லாமல் இல்லை. கால் மணி நேரம் முக்காலியில் உட்கார்ந்து, பரீட்சையில் தள்ளாடுகிறவர்களைக் கேலி செய்துவிட்டுப் போவதில் அவருக்கு ஒரு சந்தோஷம். ஒரு பொருளை வாங்கலாமா வேண்டாமா, ஒரு டாக்டரிடம் போகலாமா கூடாதா, எதுவானாலும் டீச்சரிடம் கேட்பார். "அந்தப் பொண்ணு வாக்கு தராசு முள்ளு மாதிரி" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவருடைய மனைவி, வாசலில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாடி, நீதான் என் தாலியக் காப்பாத்தணும்."

"என்னம்மா ஆச்சு? உக்காருங்க முதல்ல."

"இந்த மாசத்துல மூணு தடவ விழுந்துட்டாரு. முந்தாநேத்து பால் வண்டிக்கு முன்னால. அந்த டிரைவர் பிரேக் போட்டதால இன்னிக்கு நான் உன்கிட்ட பேசிட்டு இருக்கேன். காதுக்குள்ள ஏதோ நரம்பு தளந்துபோச்சாம், நிதானம் நிக்காதாம். டாக்டர் சைக்கிள தொடவே கூடாதுன்னுட்டாரு. வெளிய வந்ததும் அந்த டாக்டருக்கு வயசு பத்தாதுங்கறாரு இவரு."

"நீங்க சொல்லிப் பாத்தீங்களா?"

"நான் சொல்லி அவரு கேட்டிருந்தா எங்க வீட்டுல பல சங்கதி நல்லா இருந்திருக்கும்." அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முழங்கைக்கு மேலே சதை கன்றிப்போய் நீலமாக இருந்தது. நடுரோட்டில் தனியாக அவரைத் தூக்கி நிறுத்தியபோது அவரோடு சேர்ந்து விழுந்ததில் பட்ட அடி. "நீ சொன்னா கேப்பாரு. வண்டி கெட்டுப்போச்சு, இனிமே ஓட்டக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"அவருக்கு முடியாதுன்னு நேராவே சொல்றேனேம்மா."

"வேணாம், வேணாம். முடியலன்னு சொன்னா மனசு ஒடிஞ்சு படுத்துடுவாரு. வண்டிக்கு முடியலன்னா சரின்னு விட்டுடுவாரு."

டீச்சர் அந்த நீலக் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வண்டியைப் பற்றி அவள் இதுவரை பொய் சொன்னதில்லை. ஆனால் இது விற்பதற்காகச் சொல்கிற பொய் இல்லையே, ஒரு உயிர் அல்லவா என்று மனசு சமாதானம் சொன்னது. பொய்க்குச் சமாதானம் தேடிக் கொடுப்பதில் மனசைப் போல வக்கீல் உலகத்தில் இல்லை.

"சரிம்மா" என்றாள்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, நாலு வாய் சாப்பிட்டு மூடி வைத்தாள். 'கடவுளே, இன்னிக்கு மட்டும் நாலு மணி வராம இருக்கட்டும்' என்று வேண்டினாள். நாலு மணி வந்தது.

மீட்டர்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் மனைவி. எப்போதும் வராத ஆள் இன்றைக்கு ஏன் கூட வந்தாள் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடுமோ என்ற பயத்தில், அந்த அம்மாள் கடையை நாலு பக்கமும் பார்த்து, "ஓ, இதுதானா அந்தக் கடை! நான் பாத்ததே இல்லையே!" என்றாள். பத்தொன்பது வருஷமாகத் தினமும் அந்த வழியாகத்தான் காய்கறி வாங்கப் போகிறவள். நல்லவேளை, மீட்டர்காரருக்குப் பரீட்சைக்கு யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பதிலேயே கவனம்.

"என்ன டீச்சர், இன்னிக்குக் கொக்கு எதுவும் வரலியா?"

"இல்லைங்க ஐயா." அவள் பம்பை எடுக்கவில்லை. வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். இருக்கைக்குக் கீழே மூன்று கம்பிகள் கூடுகிற இடத்தில் விரலை வைத்தாள். "ஐயா, இங்க ஒரு விரிசல் விட்டிருக்கு."

"எங்க?"

"இந்தா, இங்க. பெயிண்டுக்கு அடியில ஓடுது. வெல்டிங் பண்ணிப் பத்த வெச்சாலும் நிக்காது. ஓடிட்டு இருக்கும்போதே ரெண்டா போயிடும். இனிமே இதுல ஏறாதீங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். மாட்டவில்லை. துடைத்துவிட்டு மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டார்.

"நீ பாத்துச் சொன்னா போதும். நான் வேற எதுக்குப் பாக்கணும்?"

அந்த வார்த்தை அவளை ஊசிபோலக் குத்தியது. மீட்டர்காரரின் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பெருமூச்சு விட்டாள். காரியம் முடிந்தது என்றுதான் இரண்டு பெண்களும் நினைத்தார்கள்.

அவர் இருக்கையை ஒரு தட்டுத் தட்டினார். "பத்தொன்பது வருஷம் உழைச்சிருக்கு. பாவம், போதும்." பிறகு நிமிர்ந்து, வேட்டியை மடித்துக் கட்டினார். "சரி, புதுசு ஒண்ணு குடு."

சைக்கிள் கடையில் நின்று, பழைய சைக்கிள் உடைந்துவிட்டது என்று சொன்னால் மனுஷன் வேறு என்ன கேட்பான்? வருஷம் பத்தொன்பது விற்பனையில் இருந்தும் இதை டீச்சர் யோசிக்கவில்லை. மீட்டர்காரரின் மனைவிக்கும் தோன்றவில்லை. வாயைப் பிளந்தபடி நின்றாள்.

"புதுசு எதுக்குங்க இந்த வயசுல?" என்றாள் அந்த அம்மாள்.

"அப்ப பழைய வயசு ஒண்ணு வாங்கிக் குடு, பழைய வண்டியே போதும்."

காலையில் நடந்த பேச்சு எதுவும் தெரியாத முதலாளிக்கு இதெல்லாம் தேன் வந்து பாய்ந்த மாதிரி. கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "ஐயா, உங்களுக்குன்னே நேத்துதான் ஒண்ணு வந்து எறங்குச்சு. காத்து மாதிரி போகும். டீச்சர், அந்தக் கறுப்ப எடும்மா!" டீச்சர் வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள், தலையை ஆட்டினாள். அவருக்கு எதுவும் ஏறவில்லை. தானே போய்க் கறுப்பு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"பரீட்சை வைக்காம எடுக்க மாட்டேன்" என்றார் மீட்டர்காரர். "ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? அளந்து எழுது டீச்சர்."

அவள் டேப்பை எடுத்து இடுப்பிலிருந்து குதிகால் வரை அளந்தாள். வாங்குகிறவர்களின் கால் அளவை அவள் எழுதி வைக்கும் பழைய நோட்டில் முதல் பக்கத்து முதல் வரி அவர் கால்தான். முப்பத்திரண்டு அங்குலம். இப்போது முப்பத்தொன்றுக்கும் குறைவாக வந்தது. அவர் குனிந்து டேப்பைத் தானே பார்த்தார். எண் என்றால் அவருக்குக் கண்ணாடி வேண்டாம்.

"ரீடிங் கொறைஞ்சிருக்கே. நான் பாத்த எந்த மீட்டரும் பின்னால ஓடினதில்லையே."

டீச்சர் அந்த அளவையும் நோட்டில் குறித்தாள்.

கறுப்பு வண்டியின் கம்பிக்கு மேலே காலைப் போட முயன்றார். கால் கம்பியில் இடித்துத் திரும்பியது. இரண்டாம் தடவையும் இடித்தது. முதலாளி ஓடிப்போய், நடுக்கம்பி தாழ்ந்த வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார்.

"பொம்பளைங்க வண்டியா?"

"இப்பல்லாம் ஆம்பளைங்களும் இதைத்தான் விரும்பறாங்க ஐயா."

"எந்த ஆம்பளை?"

"இப்ப நீங்கதான்னு வெச்சுக்கங்களேன்."

முணுமுணுத்துக்கொண்டே அவர் அதன் நடுவில் நின்றார். வலது காலைப் பெடலில் வைத்தார். கைப்பிடியிலிருந்து விரல்களை எடுத்தார். டீச்சர் எண்ணினாள்.

"ஒண்ணு. ரெண்டு."

மூன்று என்று அவள் வாய் திறக்கும் முன்பே உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அவள் பாய்ந்து இரண்டு கைகளாலும் அவரைக் கட்டிப் பிடித்தாள். வண்டி கை தவறிப் போய் வாசல் வரிசை மேல் விழுந்தது. பெரியது அடுத்ததைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ள, காலையில் அவள் ஒவ்வொன்றாக நிறுத்திய வரிசை முழுவதும் கடைசிக் குழந்தை வண்டி வரை சரிந்து படுத்தது. எல்லா மணிகளும் கலந்து ஒலித்து ஓய்ந்தன. ஒரு சின்னச் சக்கரம் மட்டும் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் அவள் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கினார். எடையே இல்லை. துவைத்துப் போட்ட சட்டையைப் பிடித்திருப்பதுபோல இருந்தது அவளுக்கு.

"இன்னொரு தடவ" என்றார்.

மறுபடி நின்றார். இந்தத் தடவை ஒன்றுக்கு மேல் போகவில்லை. பெடலிலிருந்து காலை இறக்கித் தரையைத் தடவினார். பிறகு முக்காலியில் உட்கார்ந்தார். முதலாளி சத்தம் போடாமல் கல்லாவுக்குப் போய்விட்டார்.

"சொல்லு டீச்சர். எந்த வண்டி எனக்குச் சரியா வரும்?"

அவள் அவர் மனைவியைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். "இந்தக் கடையில உங்களுக்கு வண்டி இல்லைங்க ஐயா."

"வேற கடையில?"

"எங்கயும் இல்லைங்க ஐயா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்து, பழைய வண்டியிடம் போனார். இப்போது கண்ணாடியை மாட்டினார். இருக்கைக்கு அடியில் கம்பிகள் கூடுகிற இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டிக்கொண்டே வந்தார். ஆயிரக்கணக்கான வீடுகளில் மங்கிப்போன எண்களைத் தூசி துடைத்துப் படித்த விரல் அது.

"விரிசல் எங்க? காட்டு."

"விரிசல் இல்லைங்க ஐயா. பொய் சொன்னேன்."

"நாந்தாங்க சொல்லச் சொன்னேன்" என்று மனைவி அழுதாள். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

"நீ பொய் சொல்லலாம்." மனைவியிடம் அவர் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "உனக்கு உரிமை இருக்கு. நாப்பத்தாறு வருஷமா நான் குறட்டை விடறதில்லன்னு சொல்லிட்டிருக்கறவ நீ." பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "நீ சொல்லியிருக்கக் கூடாது."

"தப்புதாங்க ஐயா."

"நேரா சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேனான்னா, மாட்டேன். கன்னாபின்னான்னு திட்டியிருப்பேன். ஆனா அடுத்த வியாழக்கிழமை வந்திருப்பேன்."

அவள் கண்ணீர் வண்டியின் இருக்கை மேல் விழுந்தது. அவசரமாகத் துடைத்தாள், கடைப் பழக்கம்.

"பெடலைக் கழட்டிக் குடு" என்றார். "அது இருந்தா காலு சும்மா இருக்காது."

அவள் ஸ்பானரை எடுத்தாள். வலதுபக்கத்துப் பெடல் எளிதில் வந்துவிட்டது. இடதுபக்கத்துப் பெடலை நான் கழற்றுகிறேன் என்று அவரே வாங்கிக்கொண்டார். இடது பெடலின் மரை எல்லா மரைக்கும் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அது அவருக்குத் தெரியும். சரியான பக்கம்தான் திருப்பினார். ஆனால் மணிக்கட்டில் வலுவில்லை, பெடல் அசையவில்லை. அவள் அவர் கைக்கு மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். அது இளகியதும் அவர் தன் கையை உருவிக்கொண்டார்.

இரண்டு பெடலையும் பழைய செய்தித்தாளில் சுற்றி மனைவியிடம் கொடுத்தார். "வெச்சுக்க. நகை மாதிரி பத்திரமா வை." வண்டியைத் திருப்பினார்.

"ஐயா, காத்தடிக்கலியே" என்றாள் டீச்சர்.

"ஓட்டாத வண்டிக்குக் காத்து எதுக்கு?"

"தள்ளிட்டுப் போறதுக்கும் காத்து வேணும் ஐயா. இல்லன்னா டியூப் மடிஞ்சு வெடிச்சுடும். வாரா வாரம் அடிக்கணும்."

அவர் வண்டியை நிறுத்தினார். அவள் பம்பைக் கொண்டுவந்து இரண்டு சக்கரத்துக்கும் காற்று நிரப்பினாள். அவர் வண்டியில் சாய்ந்து நடந்தார். வண்டிக்கு அந்தப் பக்கம் மனைவி, பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி நடந்தாள். தெருமுனை திரும்பும் வரை டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விழுந்த வண்டிகளை நிமிர்த்தப் போனாள். அன்றைக்கு அவற்றை உயர வரிசையில் வைக்கவில்லை. கைக்கு வந்தபடி வைத்தாள்.

இரவு வீட்டுச் சாவியை வாங்கும்போது கணவன் கேட்டான். "இப்பவும் இருட்டாத்தான் தெரியுது. என்ன ஆச்சு?"

"உடைஞ்சு போன வண்டி ஒண்ணை நல்லாயிருக்குன்னு வித்தாக்கூட கடவுள் மன்னிச்சுடுவாருங்க. நான் நல்ல வண்டிய உடைஞ்சுதுன்னுட்டேன்."

அவனுக்குப் புரியவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு அவள் முக்காலியைத் துடைத்துப் போட்டு வைத்தாள். நாலேகாலுக்கு வண்டி வந்தது. தள்ளிக்கொண்டு வந்தது மீட்டர்காரரின் மனைவி. வாழ்க்கையில் வண்டி பிடித்துப் பழகாத கை. முன்சக்கரம் அவளை ஒரு பக்கம் இழுக்க, அவள் வண்டியை ஒரு பக்கம் இழுக்க, பெடல் இல்லாத இரும்புக் கை புடவையில் மாட்டிக்கொள்ள, தெரு முழுக்கக் கோலம் போட்டபடி வந்து சேர்ந்தாள்.

"காத்தடிச்சுட்டு வரச் சொன்னாரு."

"ஐயா வரலியா?"

"அடுத்த தெரு வரைக்கும் நல்லா நடக்கறாரு. இங்க வரமாட்டேங்கறாரு."

டீச்சர் பம்பை எடுத்து வந்து குந்தி உட்கார்ந்தாள். முன்சக்கரத்துக்கு அடித்தாள். பின்சக்கரத்துக்கு அடிக்கும்போது அந்த அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு. கோவிச்சுக்காதே."

"கேளுங்கம்மா."

"அந்த எடத்துல நெசமாவே விரிசல் இல்லியான்னு. ரெண்டு நாளா கண்ணாடியப் போட்டுக்கிட்டு அதையேதான் தடவிட்டு இருக்காரு. முதல்ல சொன்னது பொய்யா, பின்னால சொன்னது பொய்யான்னு தெரியலங்கறாரு."

டீச்சரின் கை பம்பின் மேல் அப்படியே நின்றது.

"இல்லன்னு சொல்லுங்கம்மா. வண்டி நல்லா இருக்குன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் அந்த அம்மாள். "நம்பணுமே."

டீச்சர் பம்பை மறுபடி அழுத்தினாள். சக்கரத்தை விரலால் அமுக்கிப் பார்த்தாள். போதுமான காற்று இருந்தது. இருந்தும் இன்னும் நாலு தடவை அடித்தாள்.